ஓடு விழுந்த வீடு: எத்ருஸ்கன் ஊரில் குழி வெட்டப் போகிறவர்களுக்கு

ரோமர்களுக்கு முன் நடு இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கன் மக்களின் ஊரைத் தோண்டப் போகிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் உடனே கல்லறையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை. எத்ருஸ்கன் நகரமான தார்குவினியாவின் மோந்தெரோஸ்ஸிக் குன்றில் மட்டும் சுமார் 6,000 கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 200-இல் சுவரோவியம் உண்டு. 1950-களில் லெரிச்சி என்ற பொறியாளர் கல்லறையின் கூரையில் சின்னதாக ஒரு துளை போட்டு, கேமரா பொருத்திய குழாயை உள்ளே இறக்கி, ஒரு கூடை மண் வெட்டாமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டார். ஊரை அப்படிப் பார்க்க வழியில்லை. செத்தவர்களுக்குப் பாறையைக் குடைந்து வீடு கொடுத்த இந்த மக்கள், தாங்கள் குடியிருந்த வீடுகளை மண்ணாலும் மரத்தாலும்தான் கட்டினார்கள். ஆகவே ஊரைத் தோண்டப் போகிறவருக்குக் கிடைப்பது மண்ணுக்குள் கரைந்துபோன மண்ணும், அதன் நடுவே கூரை ஓடும்தான். ஓடு, மேலும் ஓடு, அப்புறம் இன்னும் கொஞ்சம் ஓடு.

நான் அரியாங்குப்பத்துக்காரி. இத்தாலியின் சியேனா நகரத்துக்குத் தெற்கே ஒரு குன்றில் மூன்று கோடை குழியில் உட்கார்ந்திருக்கிறேன். பேராசிரியர் இல்லை, குழி மேற்பார்வையாளர் வரைக்கும்தான் வந்தேன். என் மாதிரி முதல்முறை போகிறவர்களுக்கு, யாராவது எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று நான் நினைத்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

போகும் முன்

தனியாளாகப் போய்த் தோண்ட முடியாது. இத்தாலியில் மண்ணுக்கடியில் இருக்கும் தொல்பொருள் எல்லாம் அரசுடைமை. பண்பாட்டு அமைச்சகம் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ அனுமதி கொடுத்தால்தான் மண்வெட்டி மண்ணைத் தொடலாம். உழுத வயலில் நடக்கும்போது காலில் இடறும் ஓட்டுத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதுகூடக் குற்றம். எனவே களப்பயிற்சி நடத்தும் ஏதாவது ஒரு குழுவில் மாணவராகச் சேருவதுதான் வழி. பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் நடக்கும். பணம் கட்டி மண் சுமக்க வேண்டும் என்பதை வீட்டில் விளக்குவது உங்கள் பாடு.

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முன்புறம் இரும்பு வைத்த பாதுகாப்புக் காலணி கட்டாயம். அதை ஊரிலேயே பத்து நாள் போட்டுப் பழக்கிக்கொண்டு போங்கள். நான் புதுசாக வாங்கிக்கொண்டு போய், முதல் வாரம் குதிகாலில் பிளாஸ்திரியோடு திரிந்தேன். குளிர்ந்த நாடு என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். ஜூலையில் சியேனா இருக்கும் தொஸ்கானாப் பகுதியின் வெயில் நம் அக்கினி நட்சத்திரத்துக்கு ஒன்றும் சளைத்ததில்லை; குழிக்குள் காற்றும் வராது. காலை ஆறரைக்கே வேலை தொடங்குவது அதனால்தான்.

கரண்டி ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் பெரிய கரண்டி உதவாது. நான்கு அங்குல நீளம், அலகும் கழுத்தும் ஒரே இரும்பில் அடித்தது, வளையாதது. மற்றவை அங்கே தருவார்கள்: பிக்காசு, மண்வெட்டி, வாளி, தள்ளுவண்டி, துடைப்பம், முறம் மாதிரி ஒரு தகரக் குப்பைவாரி. ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் பட்டையாகவும் இருக்கும் கைப்பிக்காசு ஒன்று கொடுப்பார்கள். அதற்கு மலெபெஜ்ஜோ என்று பெயர். பிரித்தால் 'கெட்டது, அதைவிடக் கெட்டது' என்று வரும். இரண்டாம் நாள் மணிக்கட்டு வலிக்கும்போது பெயர்ப் பொருத்தம் புரியும்.

வீடு எப்படிச் செத்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கரண்டி பிடிப்பதற்கு முன்பே மனதில் இருக்க வேண்டிய படம் இது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு எத்ருஸ்கன் வீடு என்றால்: சாந்து பூசாமல் அடுக்கிய கல் அடித்தளம், அதிகபட்சம் முழங்கால் உயரம். அதன்மேல் பச்சை மண்கல் சுவரோ, மரச்சட்டத்தில் மண் அடைத்த சுவரோ. மேலே உத்தரம். அதன்மேல் ஓரம் தூக்கிய தட்டை ஓடுகள், இரண்டு ஓடு சேரும் இடுக்கின்மேல் கவிழ்த்த அரைவட்ட ஓடு. தட்டை ஓடு அரை மீட்டருக்கு மேல் நீளம், தூக்கினால் முதுகு பேசும் எடை. தரை என்பது திமிசு போட்டு இடித்த மண், அவ்வளவுதான்.

என் பாட்டி வீடும் மண் சுவரும் நாட்டு ஓடுமாகத்தான் இருந்தது. ஆள் இல்லாமல் விட்ட பிறகு அது விழுந்ததை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். முதலில் உத்தரம் உளுத்து, ஓடுகள் சரிந்து உள்ளே விழுந்தன. தொப்பி போன சுவர் இரண்டே மழைக்காலத்தில் கரைந்து அந்த ஓடுகளின்மேல் வழிந்தது. மூன்றாம் வருஷம் அங்கே ஒரு மேடும் ஆமணக்குச் செடியும்தான். இத்தாலியில் என்னோடு வேலை செய்தவர்கள் படம் போட்டுப் படித்ததை நான் பாட்டி வீட்டில் பார்த்திருந்தேன். இருந்தும் முதல் கோடையில் கோட்டைவிட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே மேலிருந்து கீழே வரிசை இப்படி வரும்: வேரும் உழவும் கலக்கிய மேல்மண். அதற்கடியில் மஞ்சள் பாய்ந்த களிமண். அது கரைந்த சுவர். அதற்கடியில் ஓட்டுச் சரிவு. அது விழுந்த கூரை. அதற்கும் கீழே தரை, தரைமேல் வீட்டுக்காரர்கள் விட்டுப்போன சாமான். ஓடு மேலே சுவரையும் கீழே வாழ்க்கையையும் பிரித்து நிற்கும் மூடி. வீடு தீப்பிடித்து விழுந்திருந்தால் ஓட்டின் அடியிலேயே கரி இருக்கும், சுவர் மண் சுட்ட செங்கல் மாதிரிச் சிவந்திருக்கும். நம் வேலைக்கு எரிந்த வீடு நல்ல வீடு. சொல்லக் கூடாதுதான், ஆனால் குழியில் எல்லோரும் சொல்வார்கள்.

இதற்குச் சரியான பாடம் சியேனா பக்கத்து முர்லோ என்ற சிற்றூருக்கு அருகே இருக்கும் போஜ்ஜோ சிவிதாதே. அங்கே 1966-இல் அகழாய்வு தொடங்கியது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய வீடும், பக்கத்தில் சுமார் 50 மீட்டர் நீளத்துக்குப் பக்கச்சுவர் இல்லாத ஒரு பட்டறைக் கொட்டகையும் இருந்தன. அந்த நூற்றாண்டின் கடைசியில் எல்லாம் எரிந்தன. அப்போது கொட்டகையில் சூளைக்குப் போகாத பச்சை ஓடுகள் காய வைத்திருந்தார்கள். தீக்குப் பயந்து ஓடியவர்கள் அவற்றை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தீயே ஓட்டைச் சுட்டுவிட்டது, கால்தடத்தோடு. பிறகு அதே இடத்தில் பக்கத்துக்கு 60 மீட்டர் அளவில் முற்றம் வைத்த மாளிகை எழுந்தது. அதன் கூரை முகட்டில் அகன்ற விளிம்புத் தொப்பி போட்ட சுடுமண் ஆள் உட்கார்ந்திருந்தார். அந்த மாளிகையைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் வேண்டுமென்றே இடித்துப் புதைத்துவிட்டார்கள். தொப்பிக்காரரை முர்லோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போகாமல் அங்கே போங்கள். கூரை ஓட்டை ஒரு முழு உருவமாகப் பார்த்த பிறகு துண்டை அடையாளம் காண்பது பாதி சுலபம்.

மண்ணைப் பிரிப்பது

நம் ஊரில் சதுரம் சதுரமாகக் குழி பிரித்து, நடுவே மண் வரப்பு விட்டுத் தோண்டிப் பழகியவர்களுக்கு அங்கே முதலில் திகைப்பாக இருக்கும். அந்தச் சதுர முறையைப் பரப்பிய தொல்லியலாளர் வீலர்தான் 1945-இல் எங்கள் ஊர்ப் பக்கத்து அரிக்கமேட்டையும் தோண்டினார். அங்கே கிடைத்த சிவப்புப் பளபளப்புப் பாண்டங்களுக்கு இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தின் பெயர். அந்த அரெஸ்ஸோ ரோமர்களுக்கு முன்னால் எத்ருஸ்கன் நகரம். இதைச் சொன்ன அன்று குழியில் எனக்கு ஒரு காபி இலவசமாகக் கிடைத்தது. சரி, விஷயத்துக்கு வருவோம். இப்போது இத்தாலியில் பெரும்பாலும் வரப்பு விடுவதில்லை, பரப்பாகத் திறக்கிறார்கள். ஆழத்தைப் பத்து சென்டிமீட்டர் என்று அளந்து வெட்டுவதும் கிடையாது. எந்த மண் கடைசியாக வந்து சேர்ந்ததோ அதை முதலில், அது எங்கே முடிகிறதோ அதுவரை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு அதற்கு முந்தியது.

ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் ஓர் எண். சுவருக்கு ஓர் எண். குழி வெட்டியிருந்தால் அந்த வெட்டுக்குத் தனி எண், அதில் நிரம்பிய மண்ணுக்குத் தனி எண். இல்லாத மண்ணுக்கு எதற்கு எண் என்று கேட்கத் தோன்றும். வெட்டியது ஒரு நாள், நிரம்பியது வேறொரு நாள், அதற்காகத்தான். எது எதன்மேல், எது எதை வெட்டியது என்பதைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே போக வேண்டும். 1973-இல் ஹாரிஸ் என்ற தொல்லியலாளர் உருவாக்கிய முறை இது. வம்சாவளிப் படம் போல இருக்கும், தாத்தா கீழே. அன்றன்று சாயங்காலமே வரைந்துவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் மண் தள்ளுவண்டியில் போயிருக்கும், உங்கள் ஞாபகமும் கூடவே.

நிறம் தெரியவில்லை என்றால் கைத்தெளிப்பானால் தண்ணீர் அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள். இறுகிய களிமண்ணும் பொதபொதவென்ற நிரப்பு மண்ணும் ஒரே வேகத்தில் காயாது. ஈரக்கோடு எங்கே பிரிகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் பாருங்கள். உச்சிவெயிலில் எல்லா மண்ணும் ஒரே மண்தான்.

இப்போது என் கோட்டைவிட்ட கதை. இரண்டாவது வாரம், கிழக்கு மூலை. மஞ்சள் களிமண், அதில் ஒரு துண்டு ஓடுகூட இல்லை. சும்மா நிரப்பு மண் என்று முடிவுகட்டி, மதியத்துக்குள் நாலு தள்ளுவண்டி வாரிவிட்டேன். வேகமாக வேலை செய்கிறேன் என்று எனக்கே பெருமை. எங்கள் குழியில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர், எல்லோரும் மயெஸ்த்ரோ என்றே கூப்பிடுவோம். அவர் வண்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கையால் உடைத்துக் காட்டினார். உள்ளே வைக்கோல் இருந்து மட்கிப்போன தடம், கோடு கோடாக.

"மகளே, இது மண் இல்லை. இது உன் சுவர்."

விழாமல் நின்ற ஒரே சுவர்த் துண்டை நான் வண்டியில் ஏற்றியிருந்தேன். பிறகு என் கரண்டியை வாங்கி, மிச்சமிருந்த விளிம்பில் மெல்ல இழுத்து, "செந்தி" என்றார். இத்தாலியனில் அந்தச் சொல்லுக்குக் 'கேள்' என்றும் பொருள், 'தொட்டு உணர்' என்றும் பொருள். சுவர்மேல் கரண்டி வழவழவென்று போயிற்று, சத்தமே இல்லை. பக்கத்து நிரப்பு மண்ணில் நறநறவென்றது, சின்னக் கல்லும் கரித்தூளும் இருந்ததால். இப்போது நான் புதியவர்களிடம் அதைத்தான் சொல்வேன்: மண்ணில் எதுவுமே கலக்காமல் ரொம்பச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள், கரண்டியைப் போட்டுவிட்டு யாரையாவது கூப்பிடுங்கள்.

ஓட்டுச் சரிவு

நம் மொழியில் கூரைமேல் இருப்பதும் ஓடு, பானை உடைந்ததும் ஓடு. குழியில் என் நோட்டைத் தமிழில் எழுதியதால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, கடைசியில் 'கூ.ஓ.', 'பா.ஓ.' என்று பிரித்துக்கொண்டேன். நீங்கள் ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள்.

முதல் ஓடு தலை காட்டியதும் அதைத் தூக்கத்தான் கை போகும். தூக்காதீர்கள். எந்த ஓட்டையும் அடுத்த ஓட்டின் விளிம்பு தெரியும்முன் தொடக்கூடாது. சரிவு முழுக்க வெளிப்படும்வரை இடுக்கு மண்ணை மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் எடுங்கள். முட்டி போட்டு உட்காரும் இடத்தில் பலகை போடுங்கள். எல்லாம் வெளிப்பட்டதும் துடைத்து, நிழல் விழாத நேரம் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுப்பார்கள். கணினி அதை முப்பரிமாணமாகக் கோத்துத் தரும். அதற்காகக் கையால் வரைவதை விட்டுவிட வேண்டாம். 1:20 அளவில் ஒவ்வொரு ஓடாக வரையும்போதுதான் உங்கள் கண் அதை உண்மையில் பார்க்கிறது. கேமராவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை.

வரையும்போது கேட்க வேண்டியவை: தூக்கிய ஓரம் மேல்நோக்கி இருக்கிறதா, கவிழ்ந்து கிடக்கிறதா? ஓடுகள் வரிசை குலையாமல் கிடக்கின்றனவா, குவியலாகவா? வரிசை குலையாமல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கூரை மொத்தமாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் தரை பத்திரம். குவியலாக, சின்னச் சின்னத் துண்டாக இருந்தால் யாரோ பிற்பாடு பொறுக்கி ஒதுக்கிக் கொட்டியது. அதற்கடியில் தரை இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பிறகு எடுக்கலாம், ஒவ்வொன்றாக. எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். எல்லா ஓட்டையும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேமிக்க எந்தக் கிடங்கிலும் இடமில்லை. எண்ணி, எடை போட்டு, விளிம்பும் மூலையும் உள்ளவற்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவார்கள். ஆகவே திருப்பிப் பார்க்கும் அந்த இரண்டு விநாடிதான் அந்தத் துண்டுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. வெள்ளை, சிவப்புப் பூச்சு, விரலால் இழுத்த அலை, கீறிய எழுத்து, நாய் மிதித்த தடம், எது வேண்டுமானாலும் இருக்கும். முர்லோவின் கால்தடங்கள் ஞாபகம் இருக்கட்டும். மூன்று கோடையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாதம், நாயுடையது. அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஓடு போனதும் தரை. இங்கே எல்லா மண்ணையும் வாளியில் எண் போட்டுச் சலியுங்கள், கொஞ்சத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விதை, கரி பிரிக்கத் தனியே எடுத்து வையுங்கள். கரித்துண்டைக் கையால் தொடாமல் கரண்டி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். சுடுமண் எடைக்குண்டுகள் ஒரே வரிசையாகக் கிடந்தால் எடுக்காமல் கத்துங்கள்: அங்கே தறி நின்றிருக்கிறது, நூல் அறுந்து குண்டுகள் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் இடத்தையும் கருவியால் அளந்த பிறகுதான் அசைக்க வேண்டும்.

மதியத்துக்குப் பின்

வெயில் ஏறியதும் நிழலில் உட்கார்ந்து கழுவும் வேலை. மென்மையான பல் துலக்கும் தூரிகை, இரண்டு வாளி. சொரசொரப்பான சமையல் பாண்டத்தை, அங்கே இம்பாஸ்தோ என்பார்கள், உள்புறம் தேய்க்கக் கூடாது. கரிப்படிவோடு அந்தக் காலத்துச் சாப்பாட்டின் மிச்சமும் போய்விடும். புக்கேரோ எனும் கருப்புப் பாண்டம் வேறு சாதி. காற்றில்லாத சூளையில் சுட்டதால் உடைந்த விளிம்பிலும் கருப்பு. அதை ஊறப்போடாமல் நனைத்து எடுத்து விரலால் துடைத்தால் போதும். மெருகு மேலே மெல்லிய தோலாகத்தான் இருக்கிறது. வண்ணம் பூசிய சுடுமண், வெண்கலம், இரும்பு மூன்றையும் கழுவவே வேண்டாம், அப்படியே பழம்பொருள் பாதுகாப்பாளரிடம் கொடுங்கள்.

பாண்டத்தில் கீறல் இருந்தால் வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'மி' என்று தொடங்கினால் அது 'நான்'. எத்ருஸ்கன் பாண்டங்கள் தாமாகவே பேசும்: 'மி லார்தியா', நான் லார்த்துடையது. நம் கீழடியில் ஆதன் தன் பெயரைக் கீறி வைத்த மாதிரித்தான், அங்கே பாண்டமே வாய் திறக்கிறது.

பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு சீட்டு. தளம், ஆண்டு, அடுக்கு எண், தேதி, உங்கள் முதலெழுத்து. பென்சிலிலோ அழியாத மையிலோ எழுதுங்கள். சீட்டில்லாத பானை ஓடு வெறும் கல்லுக்குச் சமம்.

சாயங்காலம் கிளம்பும்போது குழியை மூடிவிட்டுப் போங்கள், மழைக்கு மட்டுமல்ல. காட்டுப்பன்றிகள் ராத்திரி வந்து புதிதாகக் கிளறிய மண்ணைக் கிளறும். அவற்றுக்கு அடுக்கு எண் தெரியாது. காலையில் தார்ப்பாயைத் தூக்கும்போது கையைவிடக் கோலை முதலில் நீட்டுங்கள், விரியன் அங்கே குளிர் காய்ந்துகொண்டிருக்கலாம்.

கடைசி வாரம் எல்லாவற்றையும் திரும்ப மூட வேண்டும். தரைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சலித்த மண், அதன்மேல் மீதி. துணிக்கு மேலே அந்த வருஷத்து நாணயம் ஒன்றைப் போடுவார்கள், அடுத்து தோண்டுகிறவருக்கு நாம் எப்போது வந்தோம் என்று தெரிய. அப்புறம் பெட்டி கட்டும்முன் காலணியின் அடிப்பள்ளம், பேண்ட் மடிப்பு, பாக்கெட் எல்லாவற்றையும் உதறுங்கள். என் பாக்கெட்டில் கட்டைவிரல் நகமளவு ஓட்டுத் துண்டு ஒன்று வந்தது. எந்த மண்ணிலிருந்து என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் இல்லை. கிடங்குப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பை எடுத்து, சீட்டு எழுதி, அடுக்கு எண் என்ற இடத்தில் 'பாக்கெட்' என்று போட்டு, என் முதலெழுத்தையும் சேர்த்து அலமாரியில் வைத்தார்.